தூக்க மாத்திரை: தடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மருந்துச் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை விற்கும் கடைகள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். வரவேற்கிறேன். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளுக்கான எச்1 பட்டியலில் 2014 முதலே இருப்பவை. விற்பனையைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. ஆனால், ஏற்கெனவே இவற்றுக்குப் பழகிவிட்ட முதியவர்களின் கதி என்ன? நீண்ட காலம் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிடக் கெடும். பதற்றமும் கைநடுக்கமும் வரும். சிலருக்கு வலிப்பே வரக்கூடும். தந்தையார் மறைந்த துயரத்தில் என் தாயாருக்கு எழுதித் தரப்பட்ட மாத்திரை, பழைய சீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பின்னர் ஒரு மனநல மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாக, மாதக்கணக்கில் குறைத்தார். பகல் தூக்கத்தைக் கைவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் எழவும் பழக்கினார். எழுபதைக் கடந்த வயதிலும் அம்மா மீண்டார். அவருக்கு மன உறுதி குறைவாக இருக்கவில்லை, வழிகாட்ட ஆள்தான் இல்லை.

ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீடு தேடித் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள், தூக்க மாத்திரை பற்றியும் கேட்டறிந்து, தேவைப்படுவோரை மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ அனுப்பலாம். மாத்திரையை மறுக்கும் மருந்துக் கடைகளிலும் 14416 என்ற மனநல உதவி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டச் செய்ய வேண்டும்.

- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை