கணக்கு குழம்பிவிடும்

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றால் வியாதியே இல்லை என்றுதானே அர்த்தம்?" என்றாய். அடுத்த மூச்சிலேயே, ஏதோ ஒரு வைத்தியத்தில் முழுசாகக் குணமாகிறதாம் என்றும் சொன்னாய். இல்லாத வியாதியை எப்படியப்பா குணப்படுத்துவார்கள்? கோபமெல்லாம் இல்லை. ஆறு வருஷமாக நானும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அல்லாடிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் மாதக்கணக்கில் வலியும் அசதியும் தரும் இந்த நோய், இல்லவே இல்லை என்று சொன்ன டாக்டரும் இருக்கிறார். முதலில் பார்த்தவர் பழைய முறைக்காரர். பிடரி, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று உடம்பில் 18 இடங்கள். ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை வைத்து, தன் நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். ஏறக்குறைய 4 கிலோ அழுத்தமாம். 11 இடத்திலாவது வலித்தால்தான் இந்த நோய் என்பது 1990-இல் வகுத்த விதி. எனக்கு வலித்தது ஒன்பதில். "அது இல்லைம்மா" என்று அனுப்பிவிட்டார். பரீட்சையில் இரண்டு மார்க்கில் கோட்டை விட்டவள் மாதிரி அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து இன்னொருவர். மூட்டுகளில் வீக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்ததோடு சரி, அழுத்தி எண்ணவில்லை. ஒரு தாளைக் கொடுத்தார். உடம்பின் 19 பகுதிகளில் போன வாரம் எங்கெங்கே வலித்தது, அசதி எவ்வளவு, தூங்கி எழுந்தால் புத்துணர்ச்சி இருக்கிறதா, யோசனை தடுமாறுகிறதா என்று கேள்விகள். இது 2010-இல் வந்த அளவுகோல். குறைந்தது ஏழு பகுதிகளில் வலித்து, மற்ற தொந்தரவுகளுக்கு ஐந்து மதிப்பெண்ணாவது வந்தால் போதும். எனக்கு 12, 9. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்ததா என்றும் கேட்டுக்கொண்டு பெயரைச் சொல்லிவிட்டார். அதே உடம்புதான். ஒரு அறையில் நோய் இல்லை, இன்னொரு அறையில் உண்டு.

ரத்தப் பரிசோதனைகள் இதைக் கண்டுபிடிப்பதற்கு இல்லை; தைராய்டு, முடக்குவாதம் மாதிரி வேறு எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். இது இருந்தால் அவை வராது என்றும் இல்லை, சேர்ந்தே இருக்கலாம். மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ "எல்லாம் அதுதான்" என்று நானே முடிவு கட்டிவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பெயரில்தான் குழப்பம். ஈரத் துண்டைப் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறேனே, அதில் என்ன குழப்பம்? சில நாள் போட்டிருக்கும் துணியின் தோள் தையல்கூட, யாரோ விரலால் குத்திக்கொண்டே இருப்பது போல உறுத்தும். சாதாரணத் தொடுதலையும் நரம்பு மண்டலம் பெரிதாக்கி வலியென்று மூளைக்குச் சொல்கிறது என்கிறார்கள். நீ "டென்ஷன்மா" என்று சொல்லும்போது எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். அக்குபங்சர் பத்து தடவை, எண்ணெய் மசாஜ், மெக்னீசியம் மாத்திரை, லேபிள் இல்லாத ஒரு பொடி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பரம்பரை ரகசியம் என்றார் கொடுத்தவர். இப்படிப்பட்ட சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. கொட்டிவிட்டேன். ஆனால் அதைச் சாப்பிட்ட முதல் வாரம் நிஜமாகவே வலி குறைந்தது!

அங்கேதான் நான் ஏமாந்தேன். ஒரு நோட்டில் தினமும் ராத்திரி வலிக்கு பத்துக்கு இத்தனை என்று எழுதுகிறேன், தெரியுமா? அதைப் பின்னோக்கிப் புரட்டியபோது புரிந்தது. ஒவ்வொரு புது வைத்தியத்தையும் வலி எட்டு, ஒன்பதில் இருந்த நாளில்தான் தொடங்கியிருக்கிறேன். தாங்க முடியாதபோதுதானே ஓடுகிறோம்? எந்த வைத்தியமும் செய்யாத மாதங்களிலும் ஒன்பது வந்த பிறகு இரண்டு வாரத்தில் ஐந்துக்குத் தானாகவே இறங்கியிருக்கிறது. நல்ல பெயர் மட்டும் அந்தச் சமயத்தில் கையில் இருந்த பொடிக்கோ ஊசிக்கோ போய்விட்டது. அக்குபங்சரும் மெக்னீசியமும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தேன்; எது கேட்டது, எது கேட்கவில்லை என்று இன்றுவரை தெரியாது.

டாக்டர் எழுதிக்கொடுத்த டுலாக்ஸெடின் மாத்திரை மட்டும் தொடர்கிறது. வலி நாலில் ஒரு பங்கு குறைந்திருக்கும், அதற்கு மேல் இல்லை. நீ ஆசையாக அனுப்பினாயே, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரை, அந்த டப்பாவை டாக்டரிடம் காட்டினேன். இரண்டுமே செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தை ஏற்றுபவை, சேர்த்தால் ஆபத்தாகலாம் என்று ஓரமாக வைத்துவிட்டார். மூலிகைதானே என்று நானும்தான் நினைத்தேன். உன் மனசு கஷ்டப்படும் என்று இவ்வளவு நாள் சொல்லவில்லை. சீல் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் 2016-இல் எல்லா சிகிச்சைகளையும் அலசி, உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தானாம். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நடக்க முடியாதவளிடம் நட என்கிறார்களே! ஐந்து நிமிஷத்தில் தொடங்கினேன். ஒரு நல்ல நாள் பார்த்து ஆசையில் நாற்பது நிமிஷம் நடந்து, இரண்டு நாள் படுக்கையில் கிடந்தேன். இப்போது நல்ல நாளோ கெட்ட நாளோ, பன்னிரண்டு நிமிஷம். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஒரு தை சி வகுப்பில் சேர்கிறேன். மெதுவாகக் கையையும் காலையும் அசைக்கும் சீனப் பயிற்சி. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வாரம் போய்ப் பார்க்கிறேன், நோட்டு எழுதியபடி. நீ சொன்ன வைத்தியக்காரரிடம் மருந்தில் என்னென்ன சேர்கிறது, டுலாக்ஸெடினோடு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு எழுதி வாங்கி வை. டாக்டர் சரியென்றால், பன்னிரண்டு வாரம் முடிந்தபிறகு பார்க்கலாம். அதுவரை எதையும் அனுப்பாதே கண்ணா, கணக்கு குழம்பிவிடும்.

அன்புடன்,
அம்மா