மார்ச் 2, முதல் பக்கம்

அண்ணே,

இன்று மார்ச் 2. என்ன நாளென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', உங்கள் இசைத்தட்டு, அதைக் கூரியரில் போட்டுவிட்டேன். இனி அது என்னிடம் இருப்பது நியாயமில்லை.

முதல் பாட்டு 'சோ வாட்'டில் பால் சேம்பர்ஸின் பேஸ் கேள்வி கேட்கும், ஊதுகிறவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்வார்கள். அந்த இரண்டில்தான் மாட்டினீர்கள். தட்டை ஓடவிட்டு அதோடு ஆல்டோ சாக்ஸில் வாசித்தீர்கள்: பி டோரியன் என்ற ஸ்கேலில் 16 பார் (தாளக்கட்டு), சி-க்கு ஏறி 8, மறுபடி பி-யில் 8. விரல் ஒன்றுகூடத் தப்பவில்லை. சுருதி மட்டும் ஒரு மயிரிழை கீழே நின்றது. மௌத்பீஸை உள்ளே தள்ளினீர்கள், மறுபடி தள்ளினீர்கள், கழுத்துக் குழாயின் கார்க் முழுக்க மறைந்தது. அவ்வளவு தள்ளினால் குறைந்த துளைகளை மூடி ஊதும் ஸ்வரங்கள் அதிகமாக ஏறும், நிறைய மூடியவை கொஞ்சமே ஏறும். சாக்ஸ் தன்னோடு தானே சேராது. அதைக் கேட்டுத்தான் "காது போச்சு" என்றேன். அதற்குப் பின் பேசியதை இங்கே எழுத மாட்டேன். உங்கள் வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

ஆனால் நான் சோதிக்காமல் பேசவில்லை. சுழலும் வேகத்தைச் சோதிக்கும் ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின்மேல் வைத்தேன். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு உரிய 180 கோட்டு வளையம், 60 ஹெர்ட்ஸுக்கான 216 இல்லை. பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றன. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, துல்லியம். மெஷின் சரியென்றால் தப்பு உங்களுடையது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

தப்பு நியூயார்க் 30-ஆம் தெருவில். 1959 மார்ச் 2 அன்று கொலம்பியா ஸ்டுடியோவில் மாஸ்டர் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பிடித்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும். அன்று பதிவானவை 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் கிரீன்', அதாவது முதல் பக்கம் முழுவதும். கூடவே ஓடிய மாற்று டேப்பில் வேகம் சரியாக இருந்தது. அதை எடுத்துத் திருத்தியது 1992-இல்தான். உங்கள் தட்டு அதற்கு ரொம்ப முந்தியது.

ஏப்ரல் 22-இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறே கிடையாது. தட்டைத் திருப்பி 'ஆல் ப்ளூஸ்' போட்டிருந்தால் அந்த ஜி உங்கள் சாக்ஸோடு ஒட்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஏறியிருந்தால் மோட்டார், ஒரு பக்கம் மட்டும் என்றால் தட்டு. ஒரு நிமிஷ வேலை. எனக்குத் தோன்றவில்லை, சரி. தினமும் அதே பக்கத்தைத் தேய்த்த உங்களுக்கும் தோன்றவில்லையே! கோபித்துக்கொண்டு பெட்டியை மூடத் தெரிந்தது.

மன்னித்துவிடுங்கள். இதைக் கடைசியில் சொல்வதற்கும் சேர்த்து.

திருத்திய சிடி ஒன்றும் பார்சலில் இருக்கிறது. அதோடு வாசியுங்கள். கார்க்குக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, மௌத்பீஸைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுங்கள்.