கறுத்த வாழைப்பழமும் குழிப்பணியாரமும்

ஆசிரியருக்கு,

ஆடிப்பெருக்குக்கு வாங்கிய பூவன் தாரில் பாதி, 4 நாளில் தோல் கறுத்துவிட்டது. மருமகள் குப்பைக்கு எடுத்துப் போனாள். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கனியக் கனிய மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும், வெல்லம் பாதி போதும். 6 பழத்தை மசித்து, ஒரு டம்ளர் கோதுமை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, ஏலக்காய், தேங்காய்ப் பல் போட்டுக் குழிப்பணியாரம் சுட்டேன். வேண்டாம் என்ற மருமகளே 8 தின்றாள்! பூசணம் பிடித்ததை மட்டும் நானும் தூரப் போட்டுவிடுவேன்.

உங்கள் சமையல் பக்கத்தில் பாஸ்தாவுக்கு நடுவே இதையும் போடலாமே? அப்புறம், முற்றிய வெள்ளரிக்காயில் மோர்க்குழம்பு வைத்துப் பாருங்கள், வெண்பூசணி தோற்றுப்போகும்.

இப்படிக்கு,
ஒரு மாமியார்,
ஸ்ரீரங்கம்