பத்து நாள் கோப்புக்கு 180 நாள் வாடகை

ஆசிரியருக்கு,

கிளவுட் செலவு குறைய, கோப்புகளை மலிவான சேமிப்பு அடுக்குக்கு நகர்த்தச் சொன்னது உங்கள் தொழில்நுட்பப் பக்கம். சர்வரில் நடப்பதைப் பதிவுசெய்யும், பத்தே நாளில் அழிக்கும் லாக் கோப்புகளுக்கு அது சரிவராது. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் மலிவான அடுக்கான கிளேசியர் டீப் ஆர்கைவில் குறைந்தபட்ச வாடகை 180 நாளுக்கு. கூகுளின் ஆர்கைவ் வகையில் 365. முன்பே அழித்தாலும் மிச்ச நாளுக்கும் பணம் போகும். நகர்த்தும் கட்டணம் வேறு, அதுவும் கோப்பு எண்ணிக்கைப்படி. குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் கேட்கவே வேண்டாம்!

நான் பராமரிக்கும் சர்வர்களின் லாக் கோப்புகள் வழக்கமான ஸ்டாண்டர்ட் அடுக்கிலேயே இருக்கின்றன, குறித்த நாளில் தானாக அழிக்கும் காலாவதி விதி மட்டும் உண்டு. கோப்பின் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் வெர்ஷனிங் இருந்தால் அந்தப் பதிப்புகளுக்கும் தனி விதி வேண்டும். அப்புறம், பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றும்போது பாதியில் நின்ற மல்டிபார்ட் அப்லோடுகள்: கோப்புப் பட்டியலில் தெரியாது, பில்லில் ஏறும். அவற்றை நீக்கவும் ஒரு விதி போடலாம்.

ஒரு சர்வர் நிர்வாகி