நூலக அபராதமும் நிரப்பாத கட்டங்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவத் தேர்வு முடிந்து 'நோ டியூ' (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கும் வாரத்தில் கல்லூரி நூலக கவுன்டர்களில் அபராதத் தகராறு வழக்கமாகிவிட்டது. 'சிஸ்டம் அப்படித்தான் காட்டுது' என்று பழியை மென்பொருள்மேல் போட்டுவிடுகிறார்கள். சிஸ்டம் காட்டுவது நூலகம் எழுதிய விதியை, அல்லது எழுதாமல் விட்டதை.

நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா, நூல் பட்டியலையும் இரவலையும் அபராதத்தையும் கவனிக்கும் கட்டற்ற மென்பொருள். நம் கல்லூரிகள் பலவற்றிலும் அதுதான் ஓடுகிறது. நாளுக்கு 1 ரூபாய் அபராதம், கெடு தாண்டியபின் சலுகை 3 நாள் என்று நூலகக் குழு தீர்மானம் போடுகிறது. கெடு தாண்டி நான்காம் நாள் திருப்பினால் 1 ரூபாயா, 4 ரூபாயா? தீர்மானத்தில் இருக்காது. சலுகை நாட்களைக் கணக்கில் சேர்ப்பதா என்பதற்கு கோஹாவில் தனி அமைப்பு உண்டு. அதைத் தொடாமல் விட்டால் 4 ரூபாய்தான்.

பெரிய சிக்கல் உச்சவரம்பில் வருகிறது. 'அபராதம் நூலின் விலையைத் தாண்டக்கூடாது' என்ற விதியை டிக் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்த விதி பார்ப்பது 952-ஆம் புலத்தின் (ஒவ்வொரு பிரதியின் விவரத்தையும் பதியும் இடம்) 'வி' உட்புலத்தை, அதாவது நூல் தொலைந்தால் வேறு வாங்க ஆகும் மாற்று விலையை. பதிவு செய்பவர்களோ பில்லில் உள்ள விலையை 'ஜி' உட்புலத்தில் மட்டும் போட்டுவிட்டு அடுத்த நூலுக்குப் போய்விடுகிறார்கள். 'வி' காலி, நூல் வகைக்கும் பொது விலை கொடுக்கவில்லை என்றால் அந்த வரம்பு வேலை செய்யாது. 150 ரூபாய் நூலுக்கு 600 ரூபாய் அபராதம் ஏறுவது இப்படித்தான். பட்டியலாக்க டெம்ப்ளேட்டில், கோஹாவின் பேச்சில் ஃப்ரேம்வொர்க்கில், 'வி'யைக் கட்டாயம் என்று குறித்தால் அதை நிரப்பாமல் பதிவைச் சேமிக்க முடியாது. பழைய நூல்களுக்கு பார்கோடு பட்டியல் கொடுத்து விலைவாரியாக மொத்தமாகத் திருத்தலாம்.

கிளை நூலகம் உள்ள இடங்களில் இன்னொன்று. விதி தேடும்போது கோஹா முதலில் பார்ப்பது கிளையை. அப்புறம்தான் வாசகர் வகை, நூல் வகை. 'எல்லாக் கிளைகளிலும் மாணவருக்கு இரவல் தரும் ரெஃபரன்ஸ் நூல் பூஜ்யம்' என்று பொதுவில் எழுதிவிட்டு, ஒரு கிளைக்கு மட்டும் 'எல்லாருக்கும் எந்த வகை நூலும் 3 வரை' என்று ஒரு வரி சேர்த்தால், அந்தக் கிளையில் ரெஃபரன்ஸ் நூலும் வெளியே போகும். அந்த நூல் வகையையே 'இரவலுக்கு இல்லை' என்று குறிப்பதுதான் பாதுகாப்பு. விடுமுறைப் பட்டியலையும் கிளைவாரியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் பொங்கலுக்கும் அபராதம் ஓடும்.

கெடு நினைவூட்டும் எஸ்எம்எஸ் வரவில்லை என்ற புகாருக்கும் காரணம் டெம்ப்ளேட்தான், இங்கே செய்தி வாசகத்தின் டெம்ப்ளேட். ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, நிறுவனங்கள் எஸ்எம்எஸ் வாசகங்களைப் பதியும் டிஎல்டி தளத்தில் ஒப்புதல் பெற்ற வாசகம் அட்சரம் பிசகாமல் இருக்க வேண்டும். கோஹாவில் ஒரு சொல்லை மாற்றினாலும் செய்தி போய்ச் சேராது. நூல் பெயருக்கு விடும் மாறும் இடத்தில் இத்தனை குறிகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் உண்டு. தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள்; 'பொருளாதாரம்' என்ற ஆறெழுத்தே 11 குறி. எனவே நூல் பெயருக்குப் பதில் அக்சஷன் எண்ணை (நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் பதிவு எண்) அனுப்புவதே மேல்.

நூலகக் குழுக்கள் முதலில் காகிதத்தில் கட்டம் போடட்டும்: வரிசையில் வாசகர் வகைகள், பத்தியில் நூல் வகைகள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நூல், எத்தனை நாள், எத்தனை புதுப்பித்தல், அபராதம், உச்சவரம்பு. கணினியில் ஏற்றியபின் வகைக்கு ஒரு போலி வாசகர் உருவாக்கி, மறுநாளே கெடு வைத்து நூல் கொடுத்து, ஐந்தாறு நாள் கழித்துத் திருப்பி, காகிதத்தோடு தொகையை ஒப்பிட வேண்டும். ஃப்ரேம்வொர்க்கைக் கோப்பாக எடுத்து வேறு நூலகத்தில் ஏற்ற கோஹாவில் வழி இருக்கிறது. கல்லூரிக் கல்வி இயக்ககம் மாதிரி ஃப்ரேம்வொர்க் ஒன்றைத் தன் இணையதளத்தில் வைத்தால், ஒவ்வொரு கல்லூரியும் 952-ஐத் தனியாகத் திருத்த வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
நூலக மென்பொருள் பணியாளர்கள்,
திருச்சி