முதலில் வகுப்புகளை எண்ணுங்கள்

பிலிப்பைன்ஸின் பங்கசினான் மாகாணச் சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 'ஆசின்' என்றால் உங்கள் மொழியில் உப்பு. உப்பு விளையும் இடம் பங்கசினான். லிங்காயென் வளைகுடாக் கரையில் உப்பெடுத்தவர்களின் மொழிக்கும் அதே பெயர். பெயர் மாகாணம் முழுவதற்கும் இருந்தாலும் மொழி அப்படியில்லை. கிழக்கிலும் மேற்கிலும் அண்டை மொழியான இலோகானோ பரவிவிட்டது. டகுபான், சான் கார்லோஸ், மலாசிகி என நடுப்பகுதி ஊர்களில்தான் பங்கசினான் இன்னும் வீட்டு மொழி. அங்கும் தங்களையும் தங்கள் மொழியையும் 'பங்கலாதோக்' என்று அழைக்கும் இளக்காரப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் பிள்ளைகளிடம் மணிலாவின் மொழியான டகாலோக் பேசினால் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியுமா?

2012-ல் தாய்மொழி வழிக் கல்வி தொடங்கியபோது எடுத்துக்கொண்ட 12 மொழிகளில் உங்களுடையதும் ஒன்று. 2024 அக்டோபரில் வந்த 12027ஆம் குடியரசுச் சட்டம் மூன்றாம் வகுப்பு வரை இருந்த அந்த ஏற்பாட்டை நிறுத்தியது. ஆனால் அதே சட்டம், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தாய்மொழி இருக்கும் வகுப்பில் விரும்பினால் அந்த மொழியிலேயே நடத்தலாம் என்கிறது. அதற்கு ஏற்கப்பட்ட எழுத்துமுறை, பதிவான சொல்வளம், இலக்கியம், இலக்கண நூல், ஆசிரியர்கள் வேண்டும்.

கோஸ்காயா பாதிரியாரின் பங்கசினான்–ஸ்பானிய அகராதி 1865-லேயே அச்சேறிவிட்டது. நியூசிலாந்தின் ரிச்சர்ட் பென்டன் எழுதிய இலக்கணம் 1971-ல் ஹவாயில் வெளிவந்தது. கவிதைக்கு 'அன்லோங்' என்று சொந்தச் சொல்லே இருக்கிறது. ஸ்பானியரும் நியூசிலாந்துக்காரரும் உட்கார்ந்து படித்த மொழி, மலாசிகியில் ஒன்றாம் வகுப்புக்கு ஆகாதா?

பள்ளிகள் மணிலாவின் கையில் என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஆளுநர் இணைத் தலைவராக இருக்கும் மாகாணப் பள்ளி வாரியம் உங்களுடையது. உங்கள் கல்விக் குழுத் தலைவருக்கும் அதில் இடமுண்டு. சொத்து வரியோடு கூடுதலாக வசூலாகும் 1 சதவீதக் கல்வி நிதிக்குத் திட்டம் போடுவதும் அந்த வாரியம்தான்.

நான் கேட்பது ஒரு கணக்கெடுப்பு. நடுப்பகுதி ஊர்ப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளை வீட்டில் எதைப் பேசுகிறது என்று வகுப்புவாரியாக எழுதி வாங்குங்கள். (பெற்றோரிடம் மட்டும் கேட்காதீர்கள், வெட்கப்பட்டு டகாலோக் என்று எழுதிவிடுவார்கள். பாட்டியிடமும் கேளுங்கள்.) கலப்பு வகுப்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை, தெரியும். இலோகானோ பேசும் ரோசாலஸ் பக்கம் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. தகுதியுள்ள வகுப்புகளின் பட்டியலைக் கல்வித் துறையிடம் கொடுத்து அனுமதி கேளுங்கள். தள்ளிப்போட்டால் பட்டியல் சுருங்கும். இன்று ஒரே மொழி பேசும் வகுப்பு இன்னும் சில ஆண்டுகளில் கலப்பு வகுப்பாகிவிடும். அடுத்த பள்ளி ஆண்டு தொடங்குவதற்குள் கையில் பட்டியல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மொழிகளைப் பின்தொடரும் ஒரு தமிழ் வாசகன்