ஓடாமல் நடந்து போ

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். பிசியோவுக்குப் போ என்றால் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வருகிறார். லிஃப்ட் திரும்பவும் பழுது. நாலு மாடியும் ஏறி இறங்குகிறோம். தேங்காய் விலை ஏறிவிட்டதால் வீட்டில் சம்பல் நின்றுபோய்விட்டது.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ இப்போது போனை எடுத்தால் "ஓம் அப்பா, சரி அப்பா, பிறகு கதைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வருகிறது. அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? அதைத் திறந்து திறந்து பார்க்கிறார். சின்ன மாமாவின் மகன் மெல்பேர்ன் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாதே.

நீ தீயணைப்பில் சேர்ந்த செய்தி எங்களுக்குப் பெரியக்கா வழியாகத்தான் வந்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. மருந்தகத்தில் நல்ல வேலை, சின்ன ஊர், நிம்மதியாக இருக்கிறாள் என்று நாங்கள் இங்கே நினைத்துக்கொண்டிருக்க, நீ அங்கே மஞ்சள் உடுப்புப் போட்டு ஹோஸ் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். அம்மா முதலில் கேட்டது, "சம்பளமும் இல்லையாமே?" என்றுதான். விக்டோரியாவில் ஊர்ப்புறமெல்லாம் பெரும்பாலும் தொண்டர்கள்தான் தீயணைக்கிறார்கள், பல காலமாக அப்படித்தான், கப்டனைக்கூட அவர்களே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள் என்று நீ சொன்னதையெல்லாம் நான் அவருக்கு விளக்கினேன். "எங்கள் பிள்ளைக்கு யாரும் வாக்குப் போடாமல் இருந்தால் சரி" என்றார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், தலையில் ஏற்றிக்கொள்ளாதே. சலூனில், சங்கக் கூட்டத்தில், கீழ் வீட்டு டொக்டரிடம், எல்லா இடத்திலும் சொல்லிவிட்டேன். மருதானைப் பக்கம் போனால் டார்லி ரோட்டில் இறங்கி, தீயணைப்புப் படைத் தலைமையகத்து வாசலில் நின்று வண்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு நாள் வாசலில் நின்றவர் என்ன வேண்டும் என்று கேட்டார். மகளும் இதே வேலைதான், அவுஸ்திரேலியாவில் என்றேன். அவர் உள்ளே கூப்பிட்டு ஏணி வண்டியைக் காட்டினார். மகளுக்குச் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டார். சும்மா சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சேர்ந்த புதிதில் நீ எவ்வளவு கதைத்தாய். உங்கள் படையில் இருக்கிற அந்தச் செம்மறிப் பண்ணைக்காரரைப் பற்றி ஒவ்வொரு ஞாயிறும் ஒரு முறைப்பாடு. நீ சுருட்டி வைத்த ஹோஸை அவர் ஒன்றும் பேசாமல் எடுத்து, நிலத்தில் உருட்டி விரித்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார் என்று எத்தனை கோபம் உனக்கு! இரண்டாம் தரம் சுருட்டியதையும் அப்படியே செய்தாராம். மூன்றாம் தரம்தானே சொன்னார், இணைப்பு முனை இரண்டில் எது உள்ளே, எது வெளியே என்று பார், இரவு இரண்டு மணிக்கு இருட்டில் ஒருவன் இதை எடுத்து வீசும்போது தவறான முனை கையில் வந்தால் என்ன ஆகும் என்று. நீ கோபமாகச் சொன்னாய். நானோ அந்த ஆளை அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன், உன்னிடம் சொல்லவில்லை. வண்டியின் பெட்டிகளை மூடிவைத்து, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று உன்னிடம் ஒப்புவிக்கச் சொன்னாராமே, அந்தக் கதை இன்னும் நல்லது. நீ ஓ/எல் சோதனைக்குக்கூட இப்படிப் பாடமாக்கியதில்லை.

நாற்பது வருடம் அங்கே இருக்கிற மனிதரை நீ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அங்கே அதுதான் வழக்கம் என்றாலும் கேட்கமாட்டேன் என்கிறார். வீட்டில் அவருக்கு இப்போது பெயர் "அந்த அங்கிள்". அங்கிள் சொல்வதைக் கேள்.

அதைத்தான் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. அவர் சொல்வதைக் கேள். அதைவிட முக்கியம், அவரிடம் நீயாகக் கேள். நீ கேட்கிற பிள்ளை இல்லை. கணக்கு விளங்காவிட்டால் விடியவிடிய உட்கார்ந்து அழுவாயே தவிர டியூஷன் சேரிடம் வாய் திறக்கமாட்டாய். யாருடைய பிடிவாதம் அது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார், என்னைப் பார்த்துத்தான்.

காற்றைப் பற்றி வாசித்தேன். உங்களுக்கு வடக்கிலிருந்து சூட்டோடு அடித்துவிட்டுத் திடீரென்று தென்மேற்குக்குத் திரும்புமாம். அப்போது தீயின் நீளமான பக்கவாட்டு முழுவதும் புதிய முகப்பாக மாறிவிடுமாம். இங்கே தென்மேற்கு என்றால் எங்களுக்கு வைகாசி மழை, குடை. அங்கே அதே திசைக்காற்று 2009 பெப்ரவரி 7ஆம் திகதித் தீயில் என்ன செய்தது என்று வாசித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. 173 பேர். 1998 டிசம்பரில் லின்டனில் காற்றுத் திரும்பியபோது ஒரே வண்டியில் இருந்த ஐந்து தொண்டர்கள் போய்விட்டார்கள். அவர்களும் உன்னைப் போல வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு போனவர்கள்தானே. வண்டித் தண்ணீரில் ஒரு பங்கை எந்தத் தீக்கும் அடிக்காமல் உங்களுக்கென்று மிச்சம் வைக்க வேண்டும் என்று அங்கிள் சத்தம் போட்டதாகச் சொன்னாயே, அது வெறும் கஞ்சத்தனம் இல்லை. ஒரு கால் எப்போதும் எரிந்து முடிந்த கரி நிலத்தில் இருக்கட்டும் என்றதும் அப்படித்தான். மேட்டில் தீ பாய்ந்து ஏறும், 10 பாகை சரிவுக்கு அதன் வேகம் இரட்டிக்கும், ஆகவே மேலே நிற்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் எழுதுகிறேன், வேறு என்ன எழுத?

அந்த ட்ரக் விஷயத்துக்குப் பிறகு நீ முறைப்பாடு செய்வதையும் நிறுத்திவிட்டாய். ஹோஸ் இல்லை, அங்கிள் இல்லை, ஒன்றும் இல்லை. "ரோட்டில் ஒரு விபத்து, போனோம்" என்றாய். அவ்வளவுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வேறொன்று சொல்கிறேன். 96 ஜனவரி 31, மத்திய வங்கியில் குண்டு வெடித்த அன்று, கண்ணாடி உடைந்தது, எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் வீட்டில் சொன்னேன். நீ கைப்பிள்ளை. எங்கள் கந்தோர் மூன்றாம் மாடி. படிக்கட்டு முழுவதும் புகை. ஒரு தீயணைப்பு வீரர் மேலே ஏறி வந்து என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். "மல்லி, பய வென்ன எப்பா" என்றார், தம்பி, பயப்படாதே என்று சிங்களத்தில். அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அவர் ஓடவே இல்லை. ஒவ்வொரு படியாகக் காலால் தட்டிப் பார்த்து நடந்தார். நான் வாயே திறக்கவில்லை. என் சிங்களம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். அன்றைக்கு எந்தத் தமிழனுக்குத்தான் பயம் இல்லை?

கீழே வந்து அவர் நடைபாதை ஓரம் உட்கார்ந்தார். யாரோ போத்தலில் தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமல் கையில் ஊற்றிக் கழுவினார். இன்னொரு போத்தல் கொடுத்தார்கள், அதையும் கையில்தான் ஊற்றினார். கூட வந்தவர் ஒருவர், தலை நரைத்தவர், பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் அவருடைய தொப்பியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்குக் கேட்கவில்லை. இருவரும் எழுந்து திரும்ப உள்ளே போனார்கள். அவர்களுக்கு நன்றிகூடச் சொல்லாமல் நான் காலி வீதி வழியே வெள்ளவத்தைக்கு நடக்கத் தொடங்கினேன்.

இன்றுவரை படிக்கட்டு இருட்டாக இருந்தால் என் கை தானாகச் சுவருக்குப் போகிறது. வயசாகிவிட்டது என்று அம்மா நினைக்கிறார். லிஃப்ட் பழுதாகும்போதெல்லாம் பகிடி பண்ணுகிறார். நானும் சிரிப்பேன். அவர் இதை வாசிக்கவில்லை, முதல் பக்கத்தை மட்டும்தான் வாசித்துக் காட்டினேன்.

எங்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்களுக்குச் சொன்னால் அம்மா அடுத்த ப்ளேனில் ஏறிவிடுவார், பிறகு உன் பாடு. ஆனால் உங்களுக்குள்ளேயே இதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்து கதைப்பார்கள் என்று நீதான் ஒரு தரம் சொன்னாய். கூப்பிடு. அது கூச்சமாக இருந்தால் ஸ்டேஷனில் ஹோஸ் கழுவுகிற நேரம் அங்கிளுக்குப் பக்கத்தில் போய் நில். இத்தனை வருடத்தில் அவர் பார்க்காதது இருக்காது. ஹோஸைப் பற்றியே கேட்டுத் தொடங்கேன்.

பேஜர் அடித்தால் கார்ச் சாவியைத் தேடி ஓடாதே. சாவியைக் கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடு. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் வேகமாக ஓட்டாதே. இரவு கூப்பிட்டுப் போய்வந்தால் அடுத்த நாள் மருந்தகத்துக்கு லேட்டாக வருவேன் என்று சொல்லக் கற்றுக்கொள், தூக்கக் கண்ணோடு மருந்து எண்ணாதே. அங்கிள் இந்த முறையும் கப்டனாக நிற்கமாட்டேன் என்றாரா? ஏன் என்று கேட்டு எழுது.

பார்சலில் மிளகாய்த்தூள் ஒரு கிலோ, ஒடியல்மா, அம்மா செய்த பயற்றம் பணியாரம் இருக்கிறது. பணியாரத்தில் பாதி ஸ்டேஷனுக்கு, அங்கிளுக்குத் தனியாக ஒரு பொட்டலம் கட்டியிருக்கிறார். நைலோன் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா வெள்ளவத்தைக் கடையெல்லாம் ஏறி இறங்கிப் பருத்தி பெனியன் வாங்கி வைத்திருக்கிறார். லேபலில் கொட்டன் என்று போட்டிருந்தும் நம்பாமல், ஒன்றிலிருந்து நூல் இழுத்து நெருப்புக்குச்சியில் கொளுத்திப் பார்த்துத்தான் மிச்சத்தை எடுத்தார். அளவு சரியா என்று போட்டுப் பார்த்துச் சொல். கட்டைவிரல் போடாதே, வாயால் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சின்ன மாமாவின் மகனை உன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைக் காட்டு. அவனுக்கு ஆசையாம். சேர்த்துவிடாதே.